கனநீர் உற்பத்தியின் கணித மாதிரி

கனநீர் உற்பத்தியின் கணித மாதிரி என்பது, கனநீர் ஆலையின் கோபுரங்களில் தியூட்டிரியத்தின் செறிவு எவ்வாறு மாறுகிறது என்பதைச் சமன்பாடுகளால் விளக்கும் முறையாகும். ஆலையின் பாய்வு, வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த இது உதவுகிறது.

பின்னணி

கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையம் போன்ற அழுத்தக் கனநீர் உலைகளில், கனநீர் மட்டுப்படுத்தியாகவும் குளிர்விப்பானாகவும் பயன்படுகிறது. இயற்கை நீரில் பத்து இலட்சம் ஐதரசன் அணுக்களில் ஏறத்தாழ 150 மட்டுமே தியூட்டிரியம். உலைக்குத் தேவைப்படுவதோ 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட தூய்மையுடைய கனநீர். எனவே பிரித்தெடுத்தல் பல படிகளில் நிகழ்கிறது.

தூத்துக்குடி ஆலை

1978 இல் இயங்கத் தொடங்கிய தூத்துக்குடி கனநீர் ஆலை, அமோனியா–ஐதரசன் பரிமாற்ற முறையில் அமைக்கப்பட்டது. அருகிலிருந்த உர ஆலையின் தொகுப்பு வளிமம் கோபுரத்தில் மேலேற, திரவ அமோனியா கீழிறங்கும். அப்போது வளிமத்திலுள்ள தியூட்டிரியம் அமோனியாவுக்கு மாறும். வெப்பநிலை குறையக் குறைய இப்பிரிப்பு மேம்படும். ஆனால் வினையின் வேகம் குறையும். அதனால் பொட்டாசியம் அமைடு வினையூக்கியாகச் சேர்க்கப்படுகிறது.

மாதிரியின் அமைப்பு

கோபுரம் பல தட்டுகளாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு தட்டுக்கும் பின்வரும் சமன்பாடு எழுதப்படுகிறது:

தியூட்டிரிய இருப்பு மாறும் வீதம் = உள்வரும் வீதம் − வெளியேறும் வீதம்

இதனுடன் வெப்பச் சமன்பாடும், திரவம், வளிமம் ஆகியவற்றின் செறிவுகளை இணைக்கும் சமநிலைத் தொடர்பும் சேர்க்கப்படுகின்றன. உண்மைத் தட்டுகள் முழுச் சமநிலையை எட்டுவதில்லை என்பதால், தட்டின் திறன் ஆலையின் அளவீடுகளிலிருந்து கணிக்கப்படுகிறது.

கட்டுப்பாட்டில் பயன்

வளிமத்தின் பாய்வுக்கு ஏற்பத் திரவத்தின் பாய்வும் அமைய வேண்டும். திரவம் குறைந்தால் தியூட்டிரியம் வளிமத்தோடு வெளியேறி வீணாகும். மிகுந்தால் செறிவு குறைந்து ஆற்றல் செலவு கூடும். உர ஆலையின் உற்பத்தி ஏறி இறங்கும்போது இவ்விகிதமும் குலையும்.

தட்டுகளில் தேங்கியுள்ள தியூட்டிரியத்தின் காரணமாக, ஒரு மாற்றத்தின் விளைவு கோபுரத்தின் மறுமுனையில் தாமதமாகவே தெரியும். விளைவு தெரியும்வரை வால்வைத் திருப்பிக்கொண்டே இருந்தால் திருத்தம் அளவுமீறி, செறிவு மேலும் கீழும் அலையும். மாதிரியோ விளைவை முன்கூட்டியே கணித்து, தேவையான திருத்தத்தின் அளவைத் தருகிறது.

வரம்புகள்

நீர், ஆக்சிசன், கார்பன் மோனாக்சைடு போன்ற மாசுகள் சிறிதளவு கலந்தாலும் வினையூக்கி சிதையும். அப்போது தட்டின் திறன் மாறி, கணிப்பும் பிழையாகும். ஆகவே மாதிரியைப் புதிய அளவீடுகளோடு ஒப்பிட்டு அவ்வப்போது திருத்துதல் இன்றியமையாதது.