பிச்சாவரம்: அளவைச் சங்கிலி முதல் செயற்கைக்கோள் வரை

கடலூர் வட்டாரம் நவீன நில அளவைக்குள் வந்த வரலாறு, 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளந்து தொடங்கிய முக்கோண அளவையோடு பிணைந்தது. புவியின் வளைவைக் கணிக்க அவர் முதலில் அளந்த நெடுங்கோட்டு வில்லின் தென்முனை, கெடிலக் கரையிலுள்ள திருவந்திபுரத்தில் அமைந்தது. நீளம் தெரிந்த ஒரு கோட்டையும் அதன் இரு முனைகளில் அளந்த கோணங்களையும் கொண்டு தொலைவிலுள்ள புள்ளியைக் கணிக்கும் இம்முறை, ஓர் இடம் எங்குள்ளது என்பதைத் துல்லியமாகச் சொன்னதேயன்றி, அவ்விடம் காலப்போக்கில் அடையும் மாற்றத்தைச் சொல்லவில்லை.

அத்தகைய மாற்றமே சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவற்றின் முகத்துவாரங்களுக்கு இடையே, சுமார் 1,100 ஹெக்டேரில் அமைந்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் நேர்ந்தது. சுரபுன்னையும் வெண்கண்டலும், சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த தில்லை மரமும் வளரும் இக்காடு, 1970கள் வரை பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு முற்றாக வெட்டப்பட்டது. நிழலிழந்த சேற்றுநிலம் வெயிலில் ஈரம் வற்றித் தொட்டிபோல் உள்வாங்க, ஓதத்தில் புகுந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி ஆவியாகி, புதிய கன்றுகள் வேர்பிடிக்க முடியாத அளவுக்கு மண்ணில் உப்பை ஏற்றியது.

1972இல் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோளும், 1988 மார்ச் 17 அன்று இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளும் ஏவப்பட்ட பின், ஒரே நிலத்தைக் குறித்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் பதிவுசெய்ய முடிந்தது. பொருளைத் தொடாமல், அது எதிரொளிக்கும் கதிர்களைக் கொண்டு அதன் தன்மையை அறிவதே தொலையுணர்வு. செழித்த இலை, கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாக எதிரொளிப்பதால், அக்கதிருக்குச் சிவப்பு நிறம் தரும் பொய்வண்ணப் படத்தில் அடர்காடு செக்கச்செவேலென்றும், நீர் கருமையாகவும், வெற்று உப்புநிலம் வெளிறியும் தோன்றும்.

மரம் எங்கே அழிந்தது என்பதைப் படம் காட்டினாலும், ஏன் மீளவில்லை என்பதைச் சேற்றில் இறங்கி மண்ணின் உப்பையும் நீரோட்டத்தையும் அளந்தவர்களே அறிய முடிந்தது. அவ்வறிவைக் கொண்டு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் வனத்துறையோடும் சுற்றுக் கிராமத்தாரோடும் சேர்ந்து, முதன்மை வாய்க்காலின் இருபுறமும் மீன்முள்போலக் கிளை வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்து வடியச் செய்து, கரைச் சரிவுகளில் கன்றுகளை நட்டது. 1986, 2002 ஆண்டுகளின் செயற்கைக்கோள் பதிவுகளை ஒப்பிட்டபோது, அலையாத்திப் பரப்பு சுமார் 90 விழுக்காடு கூடியிருந்தது. கிராமத்தார் சேற்றில் நின்று செய்த உழைப்புக்கு இதைவிட நேர்மையான சான்று வேறில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், கடலூர் மாவட்டக் கரையின் முந்தைய, பிந்தைய படங்களை ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆய்வு, மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று கண்டது. கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே பெருங்காரணம் என்று வேறு அறிஞர்கள் வாதிட்டனர். பேரழிவுக்கு முன்பே எடுத்த படங்கள் காப்பில் இருந்ததாலேயே இவ்விவாதம் ஊகத்தில் நில்லாமல் அளவைச் சார்ந்து நடந்தது. ஆகவே, அமைதியான ஆண்டுகளிலும் இக்காட்டைத் தவறாமல் பதிவுசெய்து வைப்பது, அடுத்த பேரிடர் எழுப்பும் கேள்விகளுக்கு இன்றே சான்று சேர்ப்பதாகும்.