தாலாட்டும் புலம்பலும்: புதுச்சேரி வரை வந்த ஒரு மரபு

தாயன்பையும் தாய்த்துயரையும் பாடிய தமிழ்க் கவிதைக்குத் தாலாட்டு, இறந்தோர்க்கு அழுது பாடும் ஒப்பாரி ஆகிய இரண்டு பெண்பாட்டு வடிவங்களும் ஊற்றுக்கண்களாகும். தொட்டிலருகே பாடிய பெண்களே இழவு வீட்டிலும் பாடியதால் அன்பின் சொற்களே துயரின் சொற்களாகவும் அமைந்தன.

சங்க இலக்கியத்தில், உடன்போக்கில், அதாவது காதலனுடன் பெற்றோர் அறியாமல் சென்றுவிட்ட மகளை எண்ணி வருந்தும் நற்றாய்க்கு ஐங்குறுநூறு ‘மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து’ என ஒரு பகுதியையே ஒதுக்கியது. புறநானூற்றிலோ, புறங்காட்டாமல் போரில் மாய்ந்த மகனைக் கண்ட தாய் பெருமிதத்தால் கண்ணீர் விடுவது ‘உவகைக் கலுழ்ச்சி’ என்னும் துறையாக, அதாவது பாடற்பொருளின் உட்பிரிவாக, வகுக்கப்பட்டது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் போன்ற பெண்பாற் புலவர்களே பாடியபோதும், அழுகைக்கு மறக்குடியின் மானம் வேலியிட்டே நிற்கிறது.

அவ்வேலி, திருமாலைப் பாடிய ஆழ்வார்களுள் ஒருவரான குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் இல்லை. அதன் ஏழாம் திருமொழி, அதாவது ஏழாம் பதிகம், பிறந்த இரவிலேயே கண்ணனைப் பிரிந்த தேவகியின் புலம்பலாகும். மகன் உயிரோடிருக்கிறான், அவள் இழந்தது அவனுடைய மழலைப் பருவத்தை. தாலாட்டவும் பாலூட்டவும் தளர்நடை காணவும் வாய்க்காத அவள், அவையனைத்தையும் பெற்ற யசோதையை எண்ணி எண்ணி ஏங்குகிறாள். அடுத்த திருமொழியிலேயே கோசலை இராமனைத் தாலாட்டுகிறாள்; பாடக் கிடைக்காத தாலாட்டும் பாடப்பட்ட தாலாட்டும் இவ்வாறு அருகருகே நிற்பது பெரும் கவித்துவச் செறிவு கொண்டது.

புதுச்சேரியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆழ்வார் பாடல்கள் புதிய வாசகரைப் பெற்றன. 1908 முதல் 1918 வரை அங்கு வாழ்ந்த பாரதியின் துணையோடு அரவிந்தர் சில பாசுரங்களை ஆங்கிலமாக்கி ‘ஆர்யா’ இதழில் வெளியிட்டார். சினந்து விலக்கிய தாயையே நாடி அழும் குழந்தையைக் காட்டும் குலசேகரர் பாசுரம் அவற்றுள் ஒன்று. 1917இல் வெளிவந்த ‘கண்ணன் பாட்டு’ நூலில் பாரதி பராசக்தியையே குழந்தையாக்கி, அவள் முகவாட்டம் கண்டு கலங்கும் பெற்றமனத்தைப் பாடினார்.

1891இல் புதுச்சேரியில் பிறந்து பாரதியை ஆசானாகக் கொண்ட பாரதிதாசன் இம்மரபைச் சமூகச் சீர்திருத்தத்தின் பக்கம் திருப்பினார். ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் தனித்தனியே தாலாட்டு எழுதிய அவர், பெண்மகவை மூடத்தனத்தைப் போக்க வந்தவளாக வரவேற்றுத் தொட்டிலில் கிடத்தினார்.