சான் அந்தோனான் வீட்டின் கோபுரம்

தென்மேற்குப் பிரான்சில், அவேரோன் ஆற்றங்கரையிலுள்ள சான் அந்தோனான் நோபில் வால் என்ற சிற்றூரில் 12ஆம் நூற்றாண்டுக் கல்வீடு ஒன்று நிற்கிறது. அதைக் கிரனோல்யே என்ற செல்வக் குடும்பம் கட்டியது. தேவாலயமோ கோட்டையோ அல்லாத கட்டடங்களில் அந்நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் வீட்டின் முன்னுள்ள சதுக்கத்துக்குள் நுழைபவரின் கண்ணில் முதலில் படும் கோபுர உச்சி அந்தக் காலத்தது அல்ல. 1840களில் வீட்டைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக், இத்தாலிய நகரங்களின் பாணியில் அதை அமைத்தார். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கலப்படம் எதற்கு, இறக்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். இறக்கக் கூடாது என்பதே என் முடிவு. அதற்கான சான்றை அந்த வீடே வைத்திருக்கிறது.

முதல் மாடியின் முகப்பைப் பாருங்கள். மெல்லிய தூண்கள் வரிசையாக நிற்க, நடுவே இரண்டு தடித்த தூண்களில் சிற்பங்கள். ஒன்றில் ஆதாமும் ஏவாளும், அவர்களோடு பாம்பு. மற்றொன்றில் முடிசூடிய அரசர். ஒரு கையில் நூல், மறு கையில் உச்சியில் பறவை அமர்ந்த கோல். ரோமானியச் சட்டத்தைத் தொகுத்த பேரரசர் ஜஸ்டினியன் இவர் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். தன் வீட்டு முகப்பில் பாவத்தையும் சட்டத்தையும் அருகருகே செதுக்கிவைத்த குடும்பம், வீட்டைக் குடியிருக்கும் இடமாக மட்டும் எண்ணியிருக்காது. ஊரின் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு முகப்பு தேவைப்பட்டிருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரை ஆண்ட கான்சல்கள் இதே வீட்டை ஊர் மன்றமாக்கிக்கொண்டதும் இதனோடு பொருந்துகிறது. ஆக, வியோலே-லெ-துக் கைவைப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகள் முன்பே இது கைமாறி, பயன் மாறிய வீடு. தொடாத 12ஆம் நூற்றாண்டு வீடு என்ற ஒன்றை நாம் மீட்டெடுக்க வழியே இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அருகிலுள்ள துலூஸ் நகரின் சான் செர்னன் பேராலயத்தில், இதே கலைஞர் மாற்றிய கூரையை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய வடிவத்துக்கே திருப்பினார்களே? ஆனால் அங்கே அவர் வைத்த கல்லே சிதைந்துகொண்டிருந்தது; கட்டடத்தைக் காப்பாற்ற ஏதாவது செய்தே ஆக வேண்டியிருந்தது. சான் அந்தோனானில் அப்படி ஒரு நெருக்கடி இல்லை. உச்சியை இறக்கினால் அந்த இடத்தில் ஊகத்தைத்தான் வைக்க முடியும். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பு நிற்க வேண்டும், எல்லாக் காலத்தின் பங்களிப்பையும் மதிக்க வேண்டும் என்று பழங்கட்டடங்களின் பாதுகாப்புக்கான 1964இன் வெனிஸ் சாசனம் சொல்வதும் இதையே. பார்வையாளர் ஏமாந்துபோவார் என்ற கவலை மட்டும் நியாயமானது. முகப்பில் எந்தக் கல் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று காட்டும் ஒரு வரைபடத்தை வாசலிலேயே வைப்பது அந்தக் கவலையைத் தீர்க்கும்.