டமாஸ்கஸ் என்ற ஒரே பெயரும் இரு கைவினைகளும்

‘டமாஸ்கஸ் எஃகு’ என்னும் சொல் உலோகவியல் வரலாற்றில் நீண்டகாலக் குழப்பம் ஒன்றுக்குக் காரணமாக இருந்துவருகிறது. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய இந்திய, பாரசீக வாள்களுக்கும் இன்று கடைகளில் விற்கப்படும் அலைக்கோடு படிந்த சமையலறைக் கத்திகளுக்கும் இதே பெயர் வழங்குகிறது. மேற்பரப்பில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் அவை செய்யப்படும் முறைகள் வேறு. அவற்றுக்கு வேண்டிய மூலப்பொருள், வெப்பநிலை, கைத்திறன் ஆகியவையும் வேறு. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் எழுதப்படும் வரலாறு இந்தியக் கொல்லர்களின் ஒரு திறனை மிகைப்படுத்துகிறது. மற்றொன்றை முற்றிலும் மறந்துவிடுகிறது.

முதலில் அடுக்கு முறையைப் பார்ப்போம். கரிமம் மிகுந்த எஃகுத் தகடுகளையும் கரிமம் குறைந்த இரும்புத் தகடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, வெண்சூட்டுக்கு நெருங்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒரே கட்டியாக ஒட்டவைப்பர். மேலேறும் ஆக்சைடு படலம் ஒட்டுதலைத் தடுக்கும். அதனால் மணலையோ வெங்காரத்தையோ தூவி, அப்படலத்தை உருகிய கசடாக்கி வெளியேற்றுவர். ஒட்டிய கட்டியை நீட்டி மடித்து மீண்டும் ஒட்டினால் அடுக்குகளின் எண்ணிக்கை இருமடங்காகும். ஐந்து தகடுகளில் தொடங்கி ஆறு முறை மடித்தால் 320 அடுக்குகள் கிடைக்கும். இன்றைய கத்திக் கொல்லர்கள் நிக்கல் ஏறக்குறைய 2 விழுக்காடு கலந்த எஃகையும் நிக்கல் இல்லாத எஃகையும் இவ்வாறு இணைக்கின்றனர். அமிலத்தில் தோய்க்கும்போது நிக்கல் உள்ள அடுக்கு வெளிறி நிற்கும், மற்றது கருக்கும். கோலம் என்பது இங்கே இரு உலோகங்களின் எல்லைக்கோடே.

மூசை எஃகின் கதை வேறு. இரும்பையும் கரிமம் தரும் தாவரப் பொருள்களையும் மண் மூசையில் அடைத்து மூடி, நெடுநேரம் காய்ச்சி, மெல்லக் குளிரவிட்டால் ஒரு சிறு கட்டி கிடைக்கும். அதில் கரிமம் பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு வரை இருக்கும். ஐரோப்பியர் இதனை ‘ஊட்ஸ்’ என்றனர். கன்னட, தெலுங்குச் சொல்லான ‘உக்கு’ என்பதன் திரிபாகவே இப்பெயர் பெரும்பாலும் கருதப்படுகிறது. தமிழின் ‘உருக்கு’ அதற்கு உறவுச்சொல். இவ்வெஃகின் கோலம் ஒட்டுவேலையால் வருவதன்று. ஒரே கட்டியினுள் இரும்புக் கார்பைடு நுண்துகள்கள் வரிசை வரிசையாகத் திரள்வதால் அது உண்டாகிறது. தாதுவிலிருந்து வரும் மிகச் சிறிதளவு வனேடியம் போன்ற தனிமங்கள் இத்திரட்சிக்குத் துணைசெய்கின்றன என்பதை 1990களில் வெர்ஹோவனும் பெண்ட்ரேயும் நடத்திய ஆய்வுகள் காட்டின.

வெப்பநிலையில் இரு முறைகளும் நேரெதிரானவை. அடுக்கு ஒட்டுதலுக்கு மிகுந்த சூடு இன்றியமையாதது. அதே சூட்டில் மூசை எஃகை வைத்து அடித்தால் அது நொறுங்கிப்போகலாம். நொறுங்காவிடினும் அதன் கோலம் கரைந்துவிடும். குறைந்த சூட்டில், பொறுமையுடன், பல சுற்றுகளாக அடித்தே அதனை வாளாக்க முடியும். ஐரோப்பியப் பட்டறைகளில் இந்தியக் கட்டிகள் கொல்லர்களைத் திணறடித்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் கழகத்தில் ஊட்ஸ் குறித்துக் கட்டுரை வாசித்தார். கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து 1820களின் தொடக்கத்தில் எஃகுக் கலவைச் சோதனைகளை நடத்தியதற்கும் இவ்வெஃகே தூண்டுகோல்.

இவ்வேறுபாட்டை இடைக்கால அறிஞர் நன்கு அறிந்திருந்தனர். 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி நூல் எழுதிய அல்கிந்தி, உருக்கிச் செய்த எஃகினாலான வாள்களையும், மென்னிரும்பும் வல்லிரும்பும் சேர்த்துச் செய்த வாள்களையும் வெவ்வேறு வகைகளாகப் பிரித்தார். பிராங்கியரின் வாள்களை இரண்டாம் வகையில் வைத்தார். 1939இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூ அகழ்வில் கிடைத்த வாளும் முறுக்கி ஒட்டிய தண்டுகளால் ஆனதே. இத்தகைய வேலைக்குத் தனிக் கலைச்சொல் ஆங்கிலத்தில் உருவானது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். அதுவரை இரண்டும் டமாஸ்கஸ் என்றே வழங்கின.

இந்தியாவில் அடுக்கு முறை இல்லையா? இருந்தது. தில்லி இரும்புத்தூண், பல சிறு இரும்புக் கட்டிகளைச் சூட்டில் அடித்து ஒட்டியே உருவாக்கப்பட்டது. ஆறு டன்னுக்கும் மேற்பட்ட அதன் எடை, ஒட்டுவேலைத் திறனுக்குச் சான்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபசல் எழுதிய ஆயினி அக்பரி, துப்பாக்கிக் குழல் செய்யும் முறையை விளக்குகிறது. இரும்பைத் தகடாக்கிச் சாய்வாகச் சுருட்டி, மடிப்புகள் விளிம்போடு விளிம்பு முட்டாமல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வைத்து ஒட்டினர். குழல் வெடிக்காமலிருக்க வேண்டும் என்பதே அங்கு நோக்கம்; அழகு அன்று. 18, 19ஆம் நூற்றாண்டுகளின் வட இந்தியக் கட்டாரிகள் சிலவற்றில் அடுக்குகளையே கூர்முனைக் கோடுகளாக வரிசைப்படுத்திய வேலையும் உண்டு. எஃகு அரிதாகவும் இரும்பு மலிவாகவும் இருந்த உலகில், வெட்டும் விளிம்புக்கு மட்டும் எஃகு வைத்து ஒட்டுவது சிக்கனத்தின் வழி. அரிவாளும் கோடரியும் அவ்வழியிலேயே உருவாயின.

இரு இரும்புகளைச் சேர்க்கும் எண்ணம் மூசைக்குள்ளும் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. இன்றைய தெலங்கானாவின் கோனசமுத்திரத்தில் நடந்த எஃகுத் தொழிலைப் பற்றி ஹென்றி வாய்ஸி எழுதிய குறிப்பு 1832இல் வங்காள ஆசியக் கழக இதழில் வெளிவந்தது. மிர்த்பள்ளி இரும்பு மூன்று பங்கும் கொண்டாப்பூர் இரும்பு இரண்டு பங்கும் சேர்த்து அங்கே உருக்கினர் என்கிறது அது. இரு ஊர்களின் இரும்புக்கும் குணவேறுபாடு உண்டு என்பதை அக்கொல்லர்கள் அறிந்திருந்தனர். அடுக்குக் கொல்லர் அவ்வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி நிலைநிறுத்தினார். மூசைக் கொல்லர் அதனை உருக்கி ஒன்றாக்கினார்.

19ஆம் நூற்றாண்டில் இரு மரபுகளும் ஒருசேரத் தளர்ந்தன. மலிவான இறக்குமதி எஃகும், கரிக்கான காடுகளின் மீது விழுந்த கட்டுப்பாடுகளும், 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அவற்றின் சந்தையைச் சுருக்கின. பின்னர் எழுந்த தேசிய வரலாற்றெழுத்தில் மூசை எஃகு பெருமையின் அடையாளமாயிற்று. தமிழகத்தின் மேல்சிறுவளூரில் சாரதா சீனிவாசன் ஆராய்ந்த மூசை எச்சங்கள் அப்பெருமைக்கு அறிவியல் அடித்தளமும் தந்தன. ஒட்டுவேலை செய்த கொல்லருக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. எல்லாக் கோலமும் ஊட்ஸ் என்று எழுதும்போது, அடுக்கடுக்காக இரும்பை ஒட்டிய கைகளின் உழைப்பை மற்றொரு தொழிலின் கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

ஆகவே அருங்காட்சியகத்தில் ஒரு வாளின்முன் நிற்கும் ஆய்வு மாணவர் மூன்றைக் கவனித்தல் நன்று. கோடுகள் தொடர்ச்சியான அடுக்குகளாக ஓடுகின்றனவா, நுண்துகள் திரளாகக் கலைந்து தெரிகின்றனவா? ஒட்டுக்கோட்டில் கசடு அகப்பட்டிருக்கிறதா? பட்டியலில் உள்ள ‘டமாஸ்கஸ்’ என்னும் சொல் எந்த ஆண்டில், எந்தச் சோதனையின் அடிப்படையில் எழுதப்பட்டது? மூன்றாவது கேள்விக்கு விடையில்லையெனில், அந்தச் சொல்லைச் சான்றாகக் கொள்ளாமல், வாளை மீண்டும் ஆராயவேண்டிய பொருளாகவே கொள்ள வேண்டும்.