ரிஸ்மா முதல் ரீல் வரை: காகிதம் சுற்றப்பட்ட வரலாறு

கடைக்குச் சென்று "ஒரு ரீம் பேப்பர் கொடுங்கள்" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் நாம் ஓர் அரபுச் சொல்லை உச்சரிக்கிறோம். அரபு மொழியில் 'ரிஸ்மா' என்றால் கட்டு, பொதி என்று பொருள். அச்சொல் ஸ்பெயினில் 'ரெஸ்மா' ஆயிற்று. பின்னர் பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்திற்குச் சென்று 'ரீம்' என்று சுருங்கி, நம் ஊர்க் கடைவீதிக்கு வந்து சேர்ந்தது. நாம் அன்றாடம் வழங்கும் 'காகிதம்' என்ற சொல்லும் பாரசீகத்தின் 'காகஸ்', அரபியின் 'காகத்' ஆகியவற்றோடு உறவுடையதே.

காகிதத்தில் எழுதியவர்களைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். அந்தக் காகிதத்தைக் கட்டி, சுற்றி, பொதிந்து, ஈரமும் கிழிசலும் இன்றி எழுதுபவரின் கைக்குச் சேர்த்தவர்களைப் பற்றிப் பேசுவது அரிது. அவர்களுடைய தொழிலுக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி நம் முன்னோர் வாழ்ந்த நகரங்களின் வழியாகவே செல்கிறது.

சுருளின் முதல் காலம்

காகிதம் வருவதற்கு முன் எகிப்தின் பாப்பிரஸ் நாணலே எழுதுபொருளாக இருந்தது. அரபியர் அதனைக் 'கிர்தாஸ்' என்றனர். திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயத்தில் இச்சொல் இடம்பெறுவதை வாசகர்கள் அறிவர். நாணற்பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அழுத்தித் தாளாக்கி, அத்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி நீளமான சுருளாகவே விற்றனர். சுருளின் வெளிப்புறத்தில் அமைந்த முதல் தாள் இரண்டு பணிகளைச் செய்தது. உள்ளிருக்கும் தாள்களைச் சேதத்திலிருந்து காப்பது ஒன்று. அரசு முத்திரை வாசகத்தைத் தாங்கி நிற்பது மற்றொன்று. கிரேக்கர் அதனை 'புரோட்டோகொல்லோன்' என்றனர். இன்று அரசாங்க நடைமுறையைக் குறிக்க நாம் பயன்படுத்தும் 'புரோட்டோகால்' என்ற சொல் அதிலிருந்து பிறந்ததே.

கி.பி. 685 முதல் 705 வரை ஆட்சி புரிந்த உமையா கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் காலம் வரை, எகிப்திலிருந்து பைசாந்தியப் பேரரசுக்குச் சென்ற சுருள்களின் தலைப்பில் கிறிஸ்தவ வாசகங்களே இருந்தன. அவற்றை நீக்கி ஏகத்துவ வாசகத்தைப் பொறிக்குமாறு கலீஃபா ஆணையிட்டதையும், அதனால் இரு பேரரசுகளுக்கும் இடையே எழுந்த பூசலையும் வரலாற்றாசிரியர் அல்பலாதுரி பதிவு செய்திருக்கிறார். நாணயத்தில் எழுந்த போட்டியும் இதனை ஒட்டியதே. ஒரு சுருளின் மேலுறையில் என்ன எழுதியிருக்கிறது என்பது அன்றைக்கே பேரரசுகளின் விவகாரமாக இருந்தது.

கட்டின் காலம்

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் காகிதம் சமர்கந்து வழியாக இஸ்லாமிய உலகிற்குள் நுழைந்தது. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில் பாக்தாதில் காகித உற்பத்தி தொடங்கியது. பர்மக்கி குடும்பத்தைச் சேர்ந்த அல்ஃபழ்ல் இப்னு யஹ்யாவே இதற்கு ஆலோசனை கூறியதாக இப்னு கல்தூன் எழுதுகிறார். அடுத்த நூற்றாண்டிலேயே பாக்தாதில் காகிதமும் நூல்களும் விற்கும் கடைகள் நூற்றுக்கும் அதிகமாக இருந்ததை அல்யஅகூபி குறிப்பிடுகிறார். அக்கடைக்காரர்களுக்கு 'வர்ராக்' என்று பெயர். கி.பி. 987ஆம் ஆண்டளவில் 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் மாபெரும் நூற்பட்டியலைத் தொகுத்த இப்னு அன்நதீமும் ஒரு வர்ராக்கே.

கந்தல் துணியைக் கூழாக்கி, சட்டத்தில் கட்டிய சல்லடையால் அள்ளி, நீரை வடித்து, உலர்த்தி, மாவுக்கஞ்சி பூசி மெருகேற்றினர். ஒரு தாளின் அளவைத் தீர்மானித்தது மனிதனின் கை நீளம். இருவர் பிடித்துத் தூக்கக்கூடிய சட்டத்தை விடப் பெரிய தாள் சாத்தியமாகவில்லை. ஆகவே காகிதம் சுருளாகப் பிறக்கவில்லை. தனித்தனி ஏடுகளாகப் பிறந்தது. ஏடுகளை எண்ணிக் கட்டியபோது 'ரிஸ்மா' தோன்றியது. ஸ்பெயினின் ஷாத்திபா நகரக் காகிதத்தின் தரத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல்இத்ரீஸி போற்றியிருக்கிறார். அந்நிலத்தின் வழியே தொழிலும் சொல்லும் ஐரோப்பாவிற்குள் சென்றன.

பின்னர் காற்று திசை மாறியது. இத்தாலியின் காகிதம் மலிவாகி, வட ஆப்பிரிக்கச் சந்தைகளை நிறைத்தது. அதன் ஏடுகளில் ஆலையின் அடையாளமாக நீர்க்குறிகள் இருந்தன; சிலவற்றில் சிலுவையும் காணப்பட்டது. அத்தகைய காகிதத்தில் எழுதலாமா என்ற கேள்வி 1409ஆம் ஆண்டு திலிம்ஸான் நகரின் அறிஞர் இப்னு மர்ஸூக்கின் முன் வந்தது. அவர் நன்கு ஆராய்ந்து, அது கூடும் என்று தீர்ப்பளித்தார். உள்ளூர்த் தொழில் நலிந்துவிட்ட ஒரு சமூகத்தின் நிலையை அந்தக் கேள்வியே காட்டிவிடுகிறது.

முடிவற்ற காகிதம்

மீண்டும் சுருள் தோன்றியது பிரான்ஸில். எஸோன் நகரில் திதோ குடும்பத்தின் காகித ஆலையில் பணியாற்றிய லூயி நிக்கோலா ராபர், 1799ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். சட்டத்திற்குப் பதிலாக, இரு முனையும் இணைந்து வளையமாகச் சுழலும் கம்பி வலை. அதன் மீது கூழ் இடைவிடாது கொட்டும். வலை நகர நகரக் காகிதம் நீண்டுகொண்டே போகும். கை நீளம் விதித்த எல்லை அன்றோடு முடிந்தது. ஆனால் முடிவில்லாமல் வரும் காகிதத்தை எங்கே வைப்பது? சுற்றித்தான் வைக்க வேண்டும். காகித ஆலையில் சுற்றும் தொழில் இவ்வாறு பிறந்தது.

ராபரின் காப்புரிமையை வாங்கிய ஆலை முதலாளி பேசிய பணத்தைச் சரிவரக் கொடுக்கவில்லை. உலகையே மாற்றிய கருவியைக் கண்டவர், சிற்றூர்ப் பள்ளி ஆசிரியராக வறுமையில் வாழ்ந்து 1828இல் இறந்தார். கருவி இங்கிலாந்து சென்றது. ஃபூர்த்ரினியர் சகோதரர்கள் பணம் போட, பொறியாளர் பிரையன் டோங்கின் அதனைச் செம்மைப்படுத்த, 1803இல் ஃபிராக்மோர் ஆலையில் அது இயங்கியது. இன்றும் அவ்வகை இயந்திரம் 'ஃபூர்த்ரினியர்' என்றே அழைக்கப்படுகிறது. அச்சகோதரர்களோ 1810இல் கடனில் மூழ்கினர். நீண்ட காலம் கழித்து 1840இல் நாடாளுமன்றம் அவர்களுக்கு அளித்த ஈடு 7,000 பவுண்டு. அவர்கள் செலவிட்டதில் அது சிறு பகுதியே.

முதலில் காகிதம் ஈரமாகவே சுற்றப்பட்டது. அதை வெட்டி எடுத்து, பழைய முறைப்படி கொடியில் உலர்த்தினர். 1820இல் தாமஸ் கிராம்ப்டன் நீராவியால் சூடேறும் உலர்த்து உருளைகளுக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே, உலர்ந்த காகிதத்தை நேராகச் சுற்றி எடுக்கும் வழி பிறந்தது. ஆயினும் அச்சகங்கள் ஏடுகளையே வாங்கின. அதற்கு ஒரு காரணம் வரி. பிரிட்டனில் 1712 முதல் காகிதத்திற்கு வரி இருந்தது. ரீம் கட்டின் மேலுறையில் அதிகாரி ஒட்டும் சீட்டே வரி செலுத்தியதற்குச் சான்று. செய்தித்தாளின் ஒவ்வொரு தாளிலும் தனியே முத்திரை வேண்டும் என்ற விதியும் இருந்தது. 1835இல் ரோலண்ட் ஹில் சுருளிலிருந்து நேரடியாக அச்சிடும் கருவியை உருவாக்கியபோது, அந்த முத்திரை விதியே அதற்குத் தடையாயிற்று. அவர் பின்னாளில் அஞ்சல் சீர்திருத்தத்தால் புகழ் பெற்றார். செய்தித்தாள் முத்திரை வரி 1855இலும், காகித வரி 1861இலும் நீங்கின.

அமெரிக்காவில் வில்லியம் புல்லக் அமைத்த சுருள் அச்சு இயந்திரம் 1865இல் பிலடெல்பியாவில் இயங்கத் தொடங்கியது. அதன் வேகம் செய்தித்தாள் உலகை மாற்றியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், தாம் உருவாக்கிய இயந்திரத்திலேயே அவருடைய கால் சிக்கி நசுங்கியது. காயம் அழுகி, அறுவை சிகிச்சையின்போது அவர் இறந்தார். சுழலும் உருளைக்கு அருகில் நிற்பவர் தளர்வான ஆடையோ கையுறையோ அணியக் கூடாது என்று ஆலைகள் இன்றும் எச்சரிப்பது வீணாக அன்று.

சுருளின் உள்ளே

அச்சகத்தார் 'ரீல்' என்று அழைக்கும் செய்தித்தாள் சுருளை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். காகிதத்தின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் 100இல் 7 பங்கு என்று கொள்வோம். நடுவில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள அட்டைக் குழல். வெளி விட்டம் 1 மீட்டர். அதற்குள் ஏறத்தாழ 6,400 சுற்றுகள் அடங்கும். பிரித்து விரித்தால் நீளம் சுமார் 11 கிலோமீட்டர். அகலம் 1.4 மீட்டர், சதுர மீட்டருக்கு 45 கிராம் எனில் எடை ஏறக்குறைய 700 கிலோ.

காகித இயந்திரத்தின் கடைசியில் உருவாகும் தாய்ச்சுருள் இதைவிடப் பன்மடங்கு பெரியது. அதனை 'வைண்டர்' என்னும் இயந்திரம் பிரித்து, வட்டக் கத்திகளால் வேண்டிய அகலங்களில் கிழித்து, குழல்களின் மீது மீண்டும் சுற்றுகிறது. சுருள் மாற்றும் ஒவ்வொரு முறையும் வைண்டர் நிற்க வேண்டியிருப்பதால், இடைவிடாது ஓடும் காகித இயந்திரத்தை விட அது வேகமாக ஓடியாக வேண்டும்.

இங்கேதான் கைத்திறன் இருக்கிறது. குழலுக்கு அருகில் இறுக்கமாகத் தொடங்கி, வெளியே வரவர இறுக்கத்தைச் சீராகக் குறைக்க வேண்டும். உட்புறம் தளர்ந்து வெளிப்புறம் இறுகினால், உட்சுற்றுகள் நசுங்கி, சுருளின் முகப்பில் நட்சத்திரம் போன்ற மடிப்புகள் தோன்றும். மொத்தமும் தளர்ந்தால் சுற்றுகள் பக்கவாட்டில் வழுக்கி, தொலைநோக்கிக் குழாய் போல் நீண்டுவிடும். மிகையாக இறுகினால் ஓட்டத்தில் காகிதம் அறுந்துபோகும். சில பிழைகளை முகப்பில் காணலாம். பல பிழைகளோ பாதிச் சுருள் தீர்ந்த பின், அச்சகத்தில் நள்ளிரவில்தான் தெரியவரும்.

சுற்றிய பின் பொதிய வேண்டும். காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வறண்ட காற்றில் ஈரத்தை இழக்கும். ஓரத்தில் மட்டும் ஈரம் ஏறினால் ஓரங்கள் நீண்டு அலையலையாகும். அச்சில் வண்ணங்கள் ஒன்றன்மீது ஒன்று பொருந்தா. ஆகவே சுருளின் இரு முகப்புகளிலும் வட்ட அட்டைகளை வைத்து, ஈரம் புகாத பூச்சுள்ள முரட்டுத் தாளை உடலைச் சுற்றி இறுக்கி, மிஞ்சும் ஓரத்தை உள்நோக்கி மடித்து, அதன் மேல் மற்றொரு வட்டத் தாளைச் சூடாக அழுத்தி ஒட்டுவார்கள். கடைசியாக அகலம், எடை, தரம், பிரிக்க வேண்டிய திசை ஆகியவற்றைக் கூறும் சீட்டு. அப்துல் மலிக் காலத்துச் சுருளின் முதல் தாள் செய்த அதே இரண்டு பணிகளை இந்த உறையும் செய்கிறது: காப்பதும், அடையாளம் கூறுவதும்.

நம் நிலத்தில்

கரூர் மாவட்டத்தில் ஓர் ஊருக்கே காகிதபுரம் என்று பெயர். 1979இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 1984 முதல் அங்கே கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்து வருகிறது. இலங்கையின் கிழக்கில் வாழைச்சேனையில் 1950களில் எழுந்த ஆலை, வைக்கோலைக் கொண்டு காகிதம் செய்தது. பாக்தாதின் கந்தல் துணி இங்கே கரும்பாகவும் நெல்லாகவும் மாறியது. 'காகத்' என்ற சொல்லோ ஊர்ப் பெயராகவே நிலைத்துவிட்டது.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நிகழ்ச்சியை நாம் கேட்டிருக்கிறோம். கையை உள்ளே விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுவதை வன்மையாகக் கண்டித்தார்கள். காகிதச் சுருளில் நனைந்ததை மேலே வைக்க வழியே இல்லை. ஆறாயிரம் சுற்றுகளுக்குள் இருப்பதைச் சுற்றியவர் மட்டுமே அறிவார். வாங்குபவர் மேலுறையையும் சீட்டையும் நம்பியே வாங்குகிறார். 'அமானிதம்' என்ற சொல்லுக்கு ஆலைத் தளத்தில் இதைவிடத் தெளிவான உருவம் கிடைப்பது அரிது.

ராபர், புல்லக் ஆகியோரின் பெயர்களையாவது வரலாறு காத்து வைத்தது. இரவுப் பணியில் குழலை மாட்டி, இறுக்கம் பார்த்து, உறை ஒட்டி அனுப்பிய எண்ணற்றோரின் பெயர்கள் எந்தச் சீட்டிலும் இல்லை. நம் பிள்ளையின் பாடநூலும், வீட்டு அலமாரியில் உள்ள குர்ஆன் பிரதியும் ஒரு காலத்தில் அவர்கள் கையால் பொதியப்பட்ட காகிதமே. அடுத்த முறை ஒரு ரீம் காகிதத்தின் உறையைக் கிழிக்கும்போது, அக்கரங்களுக்காகவும் நம் துஆவில் ஓர் இடம் இருக்கட்டும்.