அலமாரிக்கு அளவெடுத்த கதை

"கதவு எந்த மாதிரி சார்? சட்டம் போட்டதா, தட்டையா?" என்று ஆசாரி கேட்டபோது நான் விழித்தேன். கதைகளில் எத்தனையோ வீடுகளைக் கட்டியிருக்கிறேன். ஒன்றிலாவது அடுப்பங்கரை அலமாரிக்குக் கதவு வைத்ததாக நினைவில்லை. அலங்காநல்லூரில் எங்கள் பழைய வீட்டைத் திருத்திக் கட்டியபோது நடந்தது இது. காளையின் திமிலைப் பற்றிக் கேட்டால் இந்த ஊரில் சின்னப் பையன்கூட விளக்கம் சொல்வான். அலமாரிக் கதவைப் பற்றி யாரைக் கேட்பது?

அலமாரி என்ற சொல்லே நம்முடையதல்ல. போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது. சாவியும் மேசையும் அதே கப்பலில் வந்தவைதாம். நம் வீடுகளில் சுவரிலே மாடக்குழி, மேலே பரண், பூனைக்கு எட்டாமல் உறி, கைக்கு எட்டும்படி அஞ்சறைப்பெட்டி. என் தாயார் மணையில் உட்கார்ந்தபடியே முக்கால் சமையலை முடித்துவிடுவாள். விறகுப் புகையிலே மரக்கதவு எதற்கு? 1965இல் கல்கத்தாவில் இண்டேன் முதல் இணைப்பைக் கொடுத்தது. சிலிண்டர் மெள்ள மெள்ள நம் பக்கமும் வந்து சேர, அடுப்பு மேடை ஏறிற்று. பெண்பிள்ளை எழுந்து நின்றாள். அப்படி நின்ற பிறகுதான் மேடைக்குக் கீழும் தலைக்கு மேலும் வெற்றிடம் உண்டாயிற்று. அந்த வெற்றிடத்துக்குத்தான் இன்று கதவு தேடுகிறோம்.

அங்குலம் பார்த்து அமைத்த அடுப்பங்கரைகளில் பேர்பெற்றது ஜெர்மனியில், பிராங்பர்ட் நகரில், 1926இல் உருவாயிற்று. முதல் உலக யுத்தத்துக்குப் பின் நகரசபை கட்டிய குடியிருப்புகளுக்காக அதை வரைந்தவர், வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண்மணி. ரயில்வண்டியின் சமையலறைதான் அவருக்கு முன்மாதிரி. 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம், அவ்வளவே. மாவுக்கு ஓக் மரப் பெட்டி, புழு அண்டாதென்று. கதவுகளுக்கு நீலப்பச்சை வர்ணம், ஈ உட்காராதென்று. அரிசிக்கும் பருப்புக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். ஏறக்குறைய 10,000 வீடுகளில் இதை அமைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன் தாம் சமைத்ததே இல்லையென்று பின்னாளில் அந்த அம்மாளே சொன்னார்! குடிவந்த பெண்களோ, ஒருத்திக்கு மேல் நிற்க இடமில்லையே என்று முணுமுணுத்தார்கள். ஆனாலும் அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஹிட்லரை எதிர்த்து 1941 முதல் 1945 வரை சிறையிலிருந்தவர். 103 வயதுக்கு ஐந்து நாள் இருக்கையில், 2000ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார்.

இதெல்லாம் தெரியுமுன்பே மதுரையில் ஒரு கடையில் முன்பணம் கொடுத்திருந்தேன். மேடை 36 அங்குலம். "கம்பெனி அளவு" என்றார்கள். அது நெட்டை ஐரோப்பியருக்கான அளவு. என் மனைவியோ ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. முன்பணம் போனது போனதுதான்.

உள்ளூர் ஆசாரி அவளை வெறுங்காலோடு நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொன்னார். அதற்கு ஆறு விரற்கடை கீழே சுவரில் கரிக்கோடு இழுத்தார். 32 அங்குலம் வந்தது.

கதவில் எனக்குச் சட்டம் போட்டதே ஆசை. பலகை ஐப்பசி மழையில் உப்பும், சித்திரையில் சுருங்கும்; அதனால்தான் சட்டத்தின் காடியில் பசை தடவாமல் அதைச் சும்மா செருகிவைப்பது. எவ்வளவு பழைய புத்தி! ஒட்டுப்பலகையிலோ அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அந்தக் கவலையில்லை. தட்டைக் கதவே போதும்.

"அந்தக் காடியில ஏறுற எண்ணெய்ப் பிசுக்கை யாரு தொடைக்கிறது? நீங்களா?" என்றாள் மனைவி.

தட்டைக் கதவே நிச்சயமாயிற்று. மேலே ஒட்டுவது சன்மைக்கா. மைக்கா என்றால் அப்பிரகம். ஆனால் அதில் அப்பிரகம் இல்லை. 1912இல் அமெரிக்காவில் இவ்வகைத் தகட்டை, மின்சாதனங்களில் அப்பிரகத்துக்குப் பதிலாகத்தான் உண்டாக்கினார்களாம். ஃபார்மைக்கா என்ற பெயரின் கதையும் அதுவே.

எல்லாம் முடிவானதென்று ஆசாரி நாடாவைச் சுருட்டியபோது, வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்மா, "எல்லாத்தையும் அளந்தீகளே, எனக்கு உக்கார எடம் எங்கப்பா?" என்றாள்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஆசாரி மறுபடி நாடாவை விரித்தார். "இந்த மூலையில கதவே வேணாம் தாயி. ரெண்டரை அடி தரையை அப்படியே விட்டுர்றேன். அஞ்சறைப்பெட்டிக்குத் தரையோட ஒரு தட்டு."

"அருவாமணைக்கு?" என்றாள் அம்மா.

அவர் குந்தி உட்கார்ந்து அதற்கும் அளவெடுத்தார்.