தொண்டர் காலாட்படையும் வன்னி நிலமும்

உழவு, வணிகம், உத்தியோகம் எனத் தத்தம் தொழிலை விடாமலே ஓய்வு நேரத்தில் படைப்பயிற்சி பெற்று, அழைப்பாணை வந்ததும் சீருடையணிந்து முழுநேரச் சேவைக்குச் செல்வோரைக் கொண்ட காலாட்படை, இலங்கையில் தொண்டர் படை எனவும் இந்தியாவில் பிரதேச இராணுவம் எனவும் வழங்கப்படுகிறது. சமாதான காலத்தில் முகாமில் வைத்துச் சோறும் சம்பளமும் கொடுக்க வேண்டியதில்லையாதலால் அரசுக்கு இது மலிவான படை. ஆனால் யாரிடம் ஓய்வு நேரம் உண்டு, யாருக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்து மீண்டும் ஊருக்கு அனுப்ப அரசு துணியும் என்னும் இரு கேள்விகளே இதன் ஆளணியைத் தீர்மானிக்கின்றன. இலங்கையின் மூத்த தொண்டர் படையணியான இலகு காலாட்படையின் வரலாற்றைத் வட இலங்கையின் வன்னி நிலத்திலுள்ள தண்ணீரூற்று, முள்ளியவளை, ஒட்டுசுட்டான் ஆகிய ஊர்களிலிருந்து பார்க்கும்போது இரண்டாவது கேள்வியே முன்னிற்கிறது.

நிலத்துக்கு ஈடாகப் படைச்சேவை செய்யும் வழக்கம் இத்தீவுக்குப் புதிதன்று. லஸ்கரின் எனப்பட்ட உள்ளூர்ப் படைவீரரைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இம்முறையிலேயே பயன்படுத்தினர். வன்னியிலோ, யானைகளைத் திறையாகச் செலுத்தியபடி பெருமளவு தம் விருப்பப்படி ஆண்ட வன்னியர் தலைவர்களுள் இறுதியானவனாகக் கருதப்படும் பண்டாரவன்னியன், 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றி, அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் கப்டன் வொன் ட்ரிபேர்க்கிடம் தோற்றான். ஒரு தளபதியின் வெற்றியைப் பொறித்து அங்கு நாட்டப்பட்ட கல், காலப்போக்கில் தோற்றவனின் நினைவிடமாகிவிட்டது. அப்போருக்குப் பின்னர் வன்னிக் குடிகளைப் படைக்கலத்தோடு பழகவிடுவதற்குப் பிரித்தானியருக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

பெரும்பாலும் மலாயரைக் கொண்ட இலங்கை ரைபிள் படையணி 1870களில் கலைக்கப்பட்டபின், அவ்விடத்தை ஓரளவு நிரப்புவதற்காக ஆளுநர் ஜேம்ஸ் லோங்டன் காலத்தில், 1881 ஏப்ரல் 1ஆம் திகதிப் பிரகடனத்தின் வழி இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர் அணி தோன்றியது. ஜோன் ஸ்கொட் ஆர்மிட்டேஜ் அதன் முதற் கட்டளை அதிகாரியானார். அது நகரத்துப் படை. அலுவலகம் முடிந்து அணிவகுப்புத் திடலுக்கு வரக்கூடிய எழுதுவினைஞரும் வழக்கறிஞரும் வணிகருமே இத்தகைய சேவைக்கு ஏற்றவர். மழையை நம்பி வயல் செய்பவனின் ஓய்வுக்காலம் அணிவகுப்புக் கால அட்டவணைக்குள் அடங்குவதில்லை. இதிலிருந்து கிளைத்த குதிரைக் காலாட்படையினர் 1900இல் போயர் போருக்காகத் தென்னாபிரிக்கா சென்றனர். அதே ஆண்டில் மலையகத் தோட்டத்துரைமார் தமக்கெனத் தனி ரைபிள் அணி அமைத்துக்கொண்டனர். ஐரோப்பியர் மட்டுமே சேரக்கூடிய அவ்வணியில், அவர்களது தோட்டங்களில் உழைத்த தமிழருக்கு இடமில்லை. 1910இல் தொண்டர் அணிகள் அனைத்தும் இலங்கைப் பாதுகாப்புப் படை என்ற பெயரில் ஒன்றிணைக்கப்பட்டன.

இரண்டாம் உலகப் போரில் இப்பகுதிநேர வீரர்கள் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட, இலகு காலாட்படை ஐந்து பட்டாலியன்களாக விரிவடைந்தது. எனினும் அப்போரில் பாதுகாப்புப் படையின் பெயர் உலக வரலாற்றில் பதிந்தது கசப்பான நிகழ்வொன்றினாலேயே: 1942 மே மாதம் கொக்கோஸ் தீவுகளில் இலங்கைப் பீரங்கிப் படையினர் கிளர்ச்சி செய்து தோற்க, கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூவர் அவ்வாண்டு ஓகஸ்டில் தூக்கிலிடப்பட்டனர்.

சுதந்திரத்தின்பின், 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டப்படி ஒக்டோபர் 10இல் இலங்கை இராணுவம் பிறந்தபோது, இலகு காலாட்படையின் முதலாவது பட்டாலியன் நிரந்தரப் படையாகவும் இரண்டாவது தொண்டர் படையாகவும் அமைந்தன. அதற்கு முந்திய நாளில்தான் இந்தியாவின் பிரதேச இராணுவத்தைத் தலைமை ஆளுநர் இராஜாஜி தொடக்கிவைத்திருந்தார். கோயம்புத்தூரில் நிலைகொண்ட மதராஸ் பட்டாலியன் போன்றவை அவ்வமைப்பைச் சேர்ந்தவை. பாதுகாப்புப் படைக் காலத்தில் இலகு காலாட்படையில் தொண்டர் அதிகாரியாகச் சேர்ந்த தமிழ்ச் சட்டத்தரணி அன்ரன் முத்துக்குமாரு, 1955இல் இராணுவத்தின் முதலாவது இலங்கைத் தளபதியானார். ஆங்கிலக் கல்வியும் கொழும்புச் செல்வாக்கும் உடைய தமிழருக்கு அப்படை திறந்தே இருந்தது என்பதற்கு அவர் சான்று. தமிழ் நிலத்துக்குத் திறந்திருந்தது என்பதற்கு அல்ல. ருகுணு, ரஜரட்ட என்னும் பிரதேசப் பெயர்களில் தொண்டர் காலாட்படைகள் எழுந்தபோதும், வடக்கின் பெயரைத் தாங்கிய காலாட்படை எதுவும் எழவில்லை.

1962 ஜனவரி 27இல் வெளிப்பட்ட ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நம்பிக்கையின் கணக்கையே மாற்றியது. அதில் முன்னின்ற மொறிஸ் த மெல், எப். சி. த சேரம் ஆகிய கேணல்கள் தொண்டர் படையின் உயர் பதவிகளில் இருந்தவர்கள். சட்டத்தரணியும் இலங்கைக் கிரிக்கெட் அணித் தலைவருமாக இருந்த த சேரம், பழைய பகுதிநேர அதிகாரி வர்க்கத்தின் முழு உருவம் எனலாம். விசாரணை நீதிமன்றம் பதினொருவரைக் குற்றவாளிகளாகக் கண்டபோதும், 1965 டிசம்பரில் இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) அத்தீர்ப்பை நீக்கியது. ஆயினும் பீரங்கி, பொறியியல், சமிக்ஞைத் தொண்டர் பிரிவுகள் ஏற்கனவே கலைக்கப்பட்டிருந்தன. கிறிஸ்தவரும் பறங்கியரும் தமிழரும் கணிசமாக இருந்த அதிகாரிகள் குழாமும் அதன்பின் மாறலாயிற்று.

வன்னியில் பகுதிநேரப் படைச்சேவை மீண்டும் தோன்றியது போரின் வடிவிலேயே. 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் துணைப்படைகளுக்கு இடமளித்தது. சிங்களக் குடியேற்றங்களின் எல்லையோரங்களில் கிராமவாசிகளுக்குத் துப்பாக்கி வழங்கி ஊர்காவல் படை அமைக்கப்பட்டது. 1990களின் இறுதியில் மறுபக்கத்தே விடுதலைப் புலிகள் பொதுமக்களுக்குப் பயிற்சியளித்து எல்லைப்படையைத் திரட்டி, அவர்களை முன்னரங்குக் காவலுக்கு அனுப்பினர். கமக்காரனின் பருவங்களுக்கு இடங்கொடாத சேவைகளே இவை இரண்டும். சேர்வதா விலகுவதா என்ற தெரிவும் பலருக்கு இருக்கவில்லை.

ஊர்காவல் படையை உள்வாங்கி 2006இல் உருவாக்கப்பட்ட சிவில் பாதுகாப்புத் திணைக்களம், 2009க்குப் பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முன்னாள் போராளிகள் உட்படப் பெருந்தொகையான தமிழரை விவசாயப் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் சம்பளத்துக்கு அமர்த்தியது. முன்பள்ளிகளைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வைத்திருப்பதைத் தமிழ் அரசியல்வாதிகள் கண்டித்தபோதும், அவ்வேலையை நம்பியிருந்த குடும்பங்கள் எளிதில் அதை விட்டுவிட முடியவில்லை.